ஐஸ் எப்போது உருகும்?

(சீத்தா கேம்ப்பில், மாலை நேரப் படிப்பு வட்டத்தில், சுகாதாரத் தொண்டர் ஒருவர் பேசிய பேச்சு)



இன்று ஐஸைப் பற்றிப் பேசப் போகிறேன். "ஐஸைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? வெளியே வைத்தால் உருகும். அவ்வளவுதானே?" என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பால் எங்கள் வீட்டில் ஓர் உயிர் போகப் பார்த்தது. அந்தக் கதையைக் கொஞ்ச நேரம் கழித்துச் சொல்கிறேன்.

புத்தகத்தில் இதைப் பனிக்கட்டி என்று எழுதுவார்கள். மும்பையில் பர்ஃப் என்கிறார்கள். நாம் ஐஸ் என்றே சொல்வோம்.

முதல் தம்ளர்

இதோ பாருங்கள். ஓர் எவர்சில்வர் தம்ளர். இதில் உடைத்த ஐஸ் போட்டிருக்கிறேன். கொஞ்சம் தண்ணீரும் ஊற்றியிருக்கிறேன். என் கையில் இருப்பது வெப்பமானி. பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கி வந்தேன். இது காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இல்லை. அதில் இவ்வளவு குளிரைக் காட்ட எண் இருக்காது. இதில் இருக்கிறது.

வெப்பமானியைத் தம்ளரில் வைக்கிறேன். நன்றாகக் கலக்குகிறேன். பின்வரிசையில் இருக்கும் அக்கா, இங்கே வாருங்கள். சிவப்புக் கோடு எந்த எண்ணில் நிற்கிறது?

பூஜ்யம். சரியாகப் படித்தீர்கள்.

பூஜ்யம் டிகிரி. எண்ணின் தோளில் ஒரு சின்ன வட்டம் போட்டால் அதற்கு டிகிரி என்று பெயர். 0° என்று எழுதினால் பூஜ்யம் டிகிரி. நம் உடம்பின் சூடு சுமார் 37 டிகிரி. கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரி.

இந்த அளவை ஏற்படுத்தியவர் ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த செல்சியஸ் என்பவர். அது 1742-ஆம் ஆண்டு. ஐஸ் உருகும் இடத்தில் ஒரு குறி போட்டார். தண்ணீர் கொதிக்கும் இடத்தில் இன்னொரு குறி போட்டார். இரண்டுக்கும் நடுவே நூறு சம பங்கு பிரித்தார். ஒரு வேடிக்கை சொல்கிறேன். அவர் முதலில் கொதிக்கும் தண்ணீருக்குப் பூஜ்யம் என்றும், உருகும் ஐஸுக்கு நூறு என்றும் வைத்திருந்தார். பிறகுதான் அதைத் தலைகீழாகத் திருப்பினார்கள்.

ஏன் ஐஸைக் குறியாக எடுத்துக்கொண்டார்? எந்த ஊரிலும், எந்தக் காலத்திலும், சுத்தமான தண்ணீரில் செய்த ஐஸ் அதே இடத்தில்தான் உருகும். சீத்தா கேம்ப்பிலும் அதே பூஜ்யம். காஷ்மீரிலும் அதே பூஜ்யம். இதற்கு உருகுநிலை என்று பெயர்.

சூடு எங்கே போகிறது?

இப்போது ஒரு கேள்வி. இந்தத் தம்ளரை அடுப்பில் வைத்தால் என்ன ஆகும்? ஐஸ் சீக்கிரம் உருகும். அது தெரியும். ஆனால் வெப்பமானி எவ்வளவு காட்டும்? பத்து? இருபது?

இல்லை. நன்றாகக் கலக்கிக்கொண்டே இருந்தால், ஐஸ் மிச்சம் இருக்கிற வரைக்கும் கோடு பூஜ்யத்தை விட்டு நகராது. கடைசித் துண்டும் கரைந்த பிறகுதான் மேலே ஏறும்.

அப்படியானால் அடுப்புச் சூடு எங்கே போனது? ஐஸைத் தண்ணீராக மாற்றுவதற்கே செலவாகிவிட்டது. எவ்வளவு செலவு தெரியுமா? ஒரு கிலோ ஐஸை உருக்க வேண்டும். அதற்கு ஆகும் சூட்டில், ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரைப் பூஜ்யத்தில் இருந்து 80 டிகிரி வரைக்கும் ஏற்றிவிடலாம். கை வைக்க முடியாத சூடு அது. அத்தனையையும் ஐஸ் சத்தம் இல்லாமல் விழுங்கிக்கொள்கிறது.

ஐஸின் பெருமை இதுதான். அது தன் பக்கத்தில் இருக்கும் பொருளின் சூட்டை வாங்கிக்கொண்டு உருகுகிறது. தானும் பூஜ்யத்திலேயே நிற்கிறது.

வேகம் வேறு, உருகுநிலை வேறு

இங்கே ஒரு விஷயத்தில் குழப்பம் வரும். சாக்கில் சுற்றிய ஐஸ் மெதுவாக உருகுகிறது. மரத்தூளில் புதைத்த ஐஸ் இன்னும் மெதுவாக உருகுகிறது. பெரிய பாளம் மெதுவாக உருகும். அதையே உடைத்துப் பொடியாக்கினால் சீக்கிரம் உருகும். காற்று பட்டால் சீக்கிரம் உருகும். வெயில் பட்டால் கேட்கவே வேண்டாம்.

இவை எல்லாம் ஐஸ் உருகும் வேகத்தை மாற்றும். உருகுநிலையை மாற்றாது. சாக்கில் இருந்தாலும் பூஜ்யம்தான். வெயிலில் இருந்தாலும் பூஜ்யம்தான். சாக்கும் மரத்தூளும் செய்கிற வேலை ஒன்றே ஒன்று. வெளிச்சூட்டை உள்ளே விடாமல் தடுக்கின்றன.

சென்னையில் ஐஸ் ஹவுஸ் என்ற இடம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மெரினா கடற்கரை ஓரத்தில், திருவல்லிக்கேணிப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பெயர் எப்படி வந்தது? அந்தக் காலத்தில் ஐஸ் செய்யும் இயந்திரம் கிடையாது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பக்கம் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடும். அந்த ஐஸை ரம்பத்தால் அறுத்துப் பாளம் பாளமாக எடுப்பார்கள். கப்பலில் மரத்தூள் போட்டு அடுக்குவார்கள். அப்படி ஒரு கப்பல் 1833-இல் கல்கத்தாவுக்கு வந்தது. ஏறக்குறைய நான்கு மாதப் பயணம். சுமார் 180 டன் ஏற்றினார்கள். சுமார் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. இந்த வியாபாரத்தை நடத்தியவர் பிரெடரிக் டியூடர் என்பவர்.

பிறகு பம்பாய்க்கும் சென்னைக்கும் அந்த ஐஸ் வந்தது. சென்னையில் அதைப் பத்திரப்படுத்த 1842-இல் கட்டிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். பின்னால் இயந்திரத்தில் ஐஸ் செய்யும் முறை வந்தது. கப்பல் ஐஸ் நின்றுவிட்டது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் அந்தக் கட்டடத்தில் தங்கினார். இப்போது அது விவேகானந்தர் இல்லம்.

நான்கு மாதம் ஐஸைக் காப்பாற்றியது எது? மரத்தூள்தான். மந்திரம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது தம்ளர்

அப்படியானால் உருகுநிலையை மாற்றவே முடியாதா? முடியும். அதற்கு வேண்டிய பொருள் நம் எல்லோர் வீட்டு அடுப்படியிலும் இருக்கிறது. உப்பு.

இதோ இரண்டாவது தம்ளர். மூன்று பங்கு ஐஸ் பொடி. ஒரு பங்கு கல்லுப்பு. கலக்குகிறேன். ஐஸ் வேகமாக உருகுகிறது, பார்த்தீர்களா? உருகுகிறதே, சூடாகிவிட்டதா? அண்ணன், நீங்கள் வந்து எண்ணைப் பாருங்கள்.

கோடு பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே ஓடிவிட்டது. ஐந்து, எட்டு, பத்து. இந்த வெப்பமானியில் அதற்குக் கீழே எண் இல்லை. நன்றாகப் பொடித்த ஐஸும் சரியான அளவு உப்பும் கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரைக்கும் இறங்கும்.

பூஜ்யத்துக்குக் கீழே என்றால் என்ன? கையில் காசு இல்லை என்றால் பூஜ்யம். கையில் காசும் இல்லை, பத்து ரூபாய் கடனும் இருக்கிறது என்றால், அது பூஜ்யத்துக்குக் கீழே பத்து. இதை மைனஸ் பத்து என்று சொல்வார்கள். எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு போடுவார்கள்.

இந்தத் தம்ளரின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். முதல் தம்ளரில் தண்ணீர்த் துளிதான் நிற்கிறது. இதில் வெள்ளையாகப் பனி பிடித்திருக்கிறது. காற்றில் இருக்கும் ஈரம் தம்ளரில் பட்டு உறைந்துவிட்டது. இந்த உப்பு ஐஸைக் கையில் வைத்திருக்காதீர்கள். தோல் வெந்தது போலப் புண்ணாகிவிடும். பிள்ளைகள் பந்தயம் கட்டி விளையாடினால் கண்டியுங்கள்.

உப்பு என்ன செய்கிறது?

மான்கூர்ட் ஸ்டேஷனை நினைத்துக்கொள்ளுங்கள். ரயில் வந்து நிற்கிறது. சிலர் இறங்குகிறார்கள். சிலர் ஏறுகிறார்கள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் சமமாக இருந்தால் வண்டிக்குள் கூட்டம் குறையாது, கூடாது.

ஐஸிலும் அப்படித்தான். ஐஸின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்த் துகள்கள் இருக்கின்றன. சில துகள்கள் ஐஸை விட்டு இறங்கித் தண்ணீரில் சேர்கின்றன. சில துகள்கள் தண்ணீரில் இருந்து ஏறி ஐஸில் ஒட்டிக்கொள்கின்றன. பூஜ்யம் டிகிரியில் இரண்டும் சமம்.

இப்போது உப்பு கரைகிறது. உப்பின் துகள்கள் தண்ணீரில் பரவுகின்றன. பிளாட்பாரத்தில் ஏறாமல் நிற்கிறவர்கள் கூட்டம் போட்டது போல ஆகிறது. ஏற வேண்டியவர்களுக்கு வழி குறைகிறது. இறங்குகிறவர்கள் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். வண்டி காலியாகிறது. அதாவது ஐஸ் உருகுகிறது.

உருகுவதற்குச் சூடு வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அந்தச் சூட்டை அது எங்கே வாங்கும்? தன்னிடமே வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் உருக உருகக் குளிர் கூடுகிறது.

உப்பு மட்டும் இல்லை. சர்க்கரை கரைந்தாலும் இப்படித்தான். கடல் தண்ணீர் பூஜ்யத்தில் உறையாது. சுமார் மைனஸ் 2 டிகிரியில்தான் உறையும். பனி விழும் நாடுகளில் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். பனி உருகி வழி கிடைக்கும்.

நம் கல்லியில் குல்ஃபி விற்கும் பையா பானைக்குள் ஐஸும் உப்பும் போடுகிறாரே, ஏன்? குல்ஃபியில் பாலும் சர்க்கரையும் இருக்கின்றன. அது பூஜ்யத்தில் உறையாது. வெறும் ஐஸில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் கெட்டியாகாது. உப்புப் போட்டால்தான் ஆகும்.

ஐஸ் தொழிற்சாலையிலும் இதே தந்திரம்தான். பெரிய தொட்டியில் உப்புத் தண்ணீர் இருக்கும். அதை இயந்திரம் பூஜ்யத்துக்குக் கீழே குளிர வைக்கும். உப்பு இருப்பதால் அது உறையாது. நல்ல தண்ணீர் ஊற்றிய தகர டப்பாக்களை அந்தத் தொட்டிக்குள் இறக்குவார்கள். டப்பாவில் இருக்கும் தண்ணீர் உறைந்து பாளமாகும்.

அழுத்தினால் மாறாதா என்று கேட்கலாம். மாறும். ஆனால் மிக மிகக் கொஞ்சம். குக்கரில் அழுத்தம் கூடினால் தண்ணீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். அதனால் பருப்பு சீக்கிரம் வேகிறது. அதே அளவு அழுத்தத்தை ஐஸுக்குக் கொடுத்தால் அதன் உருகுநிலை ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு கூடக் குறையாது. நம் வாழ்க்கையில் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். உப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக் கதை

என் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். 1976-இல் நெருக்கடி நிலைக் காலத்தில் ஜனதா காலனியை இடித்து, அங்கே இருந்தவர்களை இந்தச் சேற்று நிலத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அன்றைக்குத் தலையில் பாத்திர மூட்டையோடு வந்தவர் என் அத்தை. ஒரு நோய் நொடி என்று படுத்ததில்லை. வயதான பிறகு சர்க்கரை நோய் வந்தது. மாத்திரை போதவில்லை. இன்சுலின் ஊசி போடச் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவின் ஃப்ரிட்ஜில்தான் மருந்தை வைத்திருந்தோம். ஒரு மே மாதம். பகலில் கரண்ட் போய்விட்டது. இரவு வரைக்கும் வரவில்லை. "மருந்து சூட்டில் கெட்டுவிடுமே" என்று எனக்குப் பயம். அன்றைக்குக் குல்ஃபி பையா பானையோடு எதிர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "பையா, இந்த மருந்தையும் உங்கள் பானையில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டேன். நல்ல மனிதர். வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் வாங்கினேன். மருந்து கல்லாக இருந்தது. "நன்றாகக் குளிர்ந்திருக்கிறது" என்று எனக்குச் சந்தோஷம். வெளியே வைத்தேன். கரைந்தது. அத்தைக்கு ஊசி போட்டோம். அன்றும் போட்டோம். மறுநாளும் போட்டோம். ஒரு வாரம் போட்டோம்.

அத்தைக்குத் தாகம் அடங்கவில்லை. அடிக்கடி சிறுநீர் போனார். எழுந்து நடக்க முடியவில்லை. பிறகு பேச்சுக் குழறியது. ரிக்‌ஷாவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சர்க்கரை ஏறி உச்சத்தில் இருந்தது.

"ஊசி போடவில்லையா?" என்று டாக்டர் கேட்டார்.

"தவறாமல் போட்டோம் சார்."

"மருந்தை எங்கே வைத்திருந்தீர்கள்?"

"ஐஸில் வைத்திருந்தோம் சார்."

"எந்த ஐஸில்?"

நான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மருந்துப் பெட்டியைக் கேட்டார். என் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அதில் ஒரு வரியில் விரலை வைத்தார். "இதைப் படியுங்கள்" என்றார்.

எனக்குப் படிக்கத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் திட்டவில்லை. "அம்மா, இது 2. இது 8. இந்த மருந்தை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் வைக்க வேண்டும். உறைய விடக் கூடாது. உறைந்து போன இன்சுலின் சரியாக வேலை செய்யாது. கரைந்தாலும் பழைய மருந்தாக ஆகாது. நீங்கள் வைத்தது உப்புப் போட்ட ஐஸ்" என்றார்.

ஒன்பது நாள் கழித்து அத்தை வீடு திரும்பினார். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஒன்பது நாளும் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். 2, 8. இரண்டே எண்கள். அந்த மாதம்தான் நான் இந்தப் படிப்பு வட்டத்தில் சேர்ந்தேன். இதோ இந்தத் தூண் பக்கத்தில்தான் உட்காருவேன்.

இன்சுலினை எப்படி வைப்பது?

ஃப்ரிட்ஜ் இருந்தால் நடுத்தட்டில் வையுங்கள். ஐஸ் கட்டும் அறையில் வைக்காதீர்கள். அதை ஒட்டியும் வைக்காதீர்கள்.

ஃப்ரிட்ஜ் இல்லையா? ஒரு மண்பானை எடுங்கள். பாதி தண்ணீர் ஊற்றுங்கள். மருந்தைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு மூடி, தண்ணீரில் மிதக்க விடுங்கள். பானையை நிழலில், காற்று வரும் இடத்தில் வையுங்கள். மண்பானை வெளியே இருக்கும் சூட்டை விடச் சில டிகிரி குளிராக இருக்கும். பயன்படுத்த ஆரம்பித்த மருந்தை ஃப்ரிட்ஜுக்கு வெளியே எத்தனை நாள் வைக்கலாம் என்பதை டாக்டரிடமோ மருந்துக் கடையிலோ கேளுங்கள். பெரும்பாலும் நான்கு வாரம் வரைக்கும் என்று சொல்வார்கள். திறந்த தேதியைப் பெட்டியின் மேல் நீங்களே எழுதி வையுங்கள். உங்களுக்குத்தான் இப்போது எழுதத் தெரியுமே!

அவசரத்துக்கு ஐஸ் வைப்பதானால், உப்புப் போடாத ஐஸ். அது உருக ஆரம்பித்திருக்க வேண்டும். மருந்தைத் துணியில் சுற்றி டப்பாவில் போடுங்கள். ஐஸ் நேராகப் படக் கூடாது. ஒரு தடவை உறைந்துவிட்டால் அந்த மருந்தைத் தூக்கிப் போடுங்கள். காசு போகிறதே என்று பார்க்காதீர்கள்.

தடுப்பூசிப் பெட்டியில் என்ன சத்தம்?

இப்போது நான் சுகாதாரத் தொண்டர். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாளில் நர்ஸ் அம்மாவோடு கல்லி கல்லியாகப் போகிறேன். தோளில் தொங்கும் பெட்டிக்குள் நான்கு ஐஸ் பேக் இருக்கும். புறப்படும் முன்னால் அந்த ஐஸ் பேக்கை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்ப்போம். ஏன் தெரியுமா?

ஐஸ் பேக் ஆழ்குளிர்ப் பெட்டியில் இருந்து வருகிறது. அப்போது அதன் குளிர் சுமார் மைனஸ் 20 டிகிரி. அதை அப்படியே வைத்தால் தடுப்பூசி உறைந்துவிடும். பென்டாவேலன்ட், ரணஜன்னி ஊசி, மஞ்சள் காமாலை பி ஊசி ஆகியவை உறைந்தால் கெட்டுப் போகும். போலியோ சொட்டு மருந்து உறைந்தாலும் கெடாது. அதற்குச் சூடுதான் பகை.

அதனால் ஐஸ் பேக்கை வெளியே எடுத்து வைத்துக் காத்திருப்போம். ஆட்டினால் உள்ளே 'சளக்' என்று தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும். சத்தம் கேட்டால் ஐஸ் உருக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். உருக ஆரம்பித்த ஐஸ் எத்தனை டிகிரி? நீங்களே சொல்லுங்கள்.

பூஜ்யம். ஆமாம். வெப்பமானி இல்லாமலே காதால் பூஜ்யத்தைக் கண்டுபிடித்துவிட்டோம்! அந்த ஐஸ் பேக்கில் வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புப் போடவே கூடாது. காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்.

அடுத்த தடவை நாங்கள் வரும்போது, "ஐஸ் பேக்கை ஆட்டிப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

மீனுக்கு எந்த ஐஸ்?

இங்கே மீன் விற்கும் அக்காமார்கள் இருக்கிறீர்கள். மீனுக்குப் பூஜ்யம்தான் சரியான குளிர். மீன் உடம்பில் உப்புச் சத்து இருப்பதால் அது பூஜ்யத்தில் உறையாது. கெட்டுப் போகாமலும் இருக்கும், கல்லாகாமலும் இருக்கும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது வெயில் நாட்டுக் கணக்கு. ஐஸைப் பொடியாக்குங்கள். கூடையில் ஓர் அடுக்கு ஐஸ், ஓர் அடுக்கு மீன் என்று வையுங்கள். பெரிய துண்டாக இருந்தால் மீனில் எல்லாப் பக்கமும் படாது. கூடைக்கு அடியில் தண்ணீர் வடிய வழி விடுங்கள். மேலே ஈரச் சாக்குப் போடுங்கள்.

குளிர்ந்தால் சுத்தமா?

கடைசியாக ஒன்று. ஐஸில் கிருமி இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. ஐஸில் கிருமிகள் எல்லாம் செத்துப் போவதில்லை. பல உயிரோடு தூங்கும். ஐஸ் உருகினால் எழுந்துகொள்ளும். கெட்ட தண்ணீரில் செய்த ஐஸும் கெட்ட ஐஸ்தான். டைபாய்டு, மஞ்சள் காமாலை, வாந்தி பேதி எல்லாம் அதில் வரலாம்.

மீனுக்கும் பிணத்துக்கும் வைக்கும் ஐஸ் தின்பதற்கு ஆகாது. அந்த ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று 2018-இல் மகாராஷ்டிர அரசின் உணவு, மருந்துத் துறை உத்தரவு போட்டது. தின்னும் ஐஸுக்கு நிறம் கிடையாது. ஆகவே நீல ஐஸைக் கண்டால் கோலாவிலோ, கரும்புச் சாற்றிலோ, மோரிலோ போட விடாதீர்கள். நீலம் இல்லை என்பதாலேயே சுத்தம் என்றும் நம்பிவிடாதீர்கள். எந்தத் தண்ணீரில் செய்தது என்று கேளுங்கள்.

நினைவில் வைப்போம்

1. சுத்தமான ஐஸ் பூஜ்யம் டிகிரியில் உருகும்.
2. ஐஸும் தண்ணீரும் கலந்து இருக்கும் வரைக்கும் குளிர் பூஜ்யத்தில் நிற்கும்.
3. சாக்கும் மரத்தூளும் வேகத்தைக் குறைக்கும். உருகுநிலையை மாற்றாது.
4. உப்பு உருகுநிலையை இறக்கும். குல்ஃபிக்கு நல்லது. மருந்துக்கு ஆபத்து.
5. மருந்துப் பெட்டியில் உள்ள எண்களைப் படிக்காமல் மருந்தை எங்கேயும் வைக்கக் கூடாது.

வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் இருக்கும் மருந்துப் பெட்டிகளை எடுங்கள். சின்ன வட்டம் போட்ட எண் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். மற்ற எழுத்து ஆங்கிலமாக இருக்கலாம். எண் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த எண்ணை உங்கள் நோட்டில் எழுதி நாளைக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம்.

ஒரு நிமிடம். முதல் தம்ளரைப் பாருங்கள். இவ்வளவு நேரம் பேசினோம். ஐஸ் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. அக்கா, கலக்கிவிட்டு இன்னொரு தடவை எண்ணைப் படியுங்கள்.

பூஜ்யம்!